ஒன்றரை மணி இல்லத்தரசி

“பெண். வயது ஐம்பது. ஊர் சேரப்பணஞ்சேரி. தொழில்: இல்லத்தரசி. வேலைக்குச் செல்வதில்லை. ஓய்வு நேரம்: பகல் பன்னிரண்டு முதல் நான்கு வரை. பிரிவு: பகல்நேரக் குடும்பப் பார்வையாளர். தொலைக்காட்சித் தொடர்களை நிதானமாக அமர்ந்து பார்ப்பவர்.”

காந்திமதியைப் பற்றி எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் இப்படிப் பதிவாகியிருக்கிறது. இதில் பெண் என்பது உண்மை. சேரப்பணஞ்சேரி என்பதும் உண்மை. வயதில் இரண்டை அவளே குறைத்துச் சொன்னாள். மற்றபடி, அவள் நிதானமாக அமர்ந்து எதையும் பார்த்ததாக அவளுக்கே நினைவில்லை. காலை ஐந்துக்கு மொபெட்டை உதைத்துக் கிளப்பினால், ஒரகடம் போகிற வழியிலுள்ள பெண்கள் விடுதியின் மெஸ்ஸில் அறுபத்துநாலு பேருக்கு மூன்று ஷிஃப்டுக்கும் ஆக்கிப் போட்டுவிட்டு ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் வீடு திரும்புவாள்.

வயதை விட்டுவிட்டால், பதிவில் பொய் சொன்னது யார் என்று கேட்டால் சொல்வது கடினம். யாருமே சொல்லவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் இரக்கப்பட்டார்கள், அவ்வளவுதான்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஞாயிறன்று மட்டும் காலை டிபனோடு காந்திமதிக்கு விடுதலை. வாசலில் ஒரு பெண் கையில் டேப்லெட்டோடு வெயிலில் நின்றாள். பெயர் சத்யப்பிரியா, கல்லூரி முடித்து இரண்டு மாதம்தான் ஆகிறது, சீரியல் பற்றி சர்வே எடுக்கிறாளாம்.

“ஆபீஸ் ஏதாவது போறீங்களாம்மா?”

“ஆபீஸா! நான் எந்த ஆபீஸ் போறது? ஹாஸ்டல்ல சோறு வடிக்கிறேன்.”

சத்யப்பிரியா டேப்லெட்டில் மேலும் கீழும் தேய்த்துப் பார்த்தாள். “சமையல்னு போட்டா இதுல இல்லத்தரசின்னுதாம்மா வருது.”

“வந்தா வந்துட்டுப் போகட்டும்.”

“மத்தியானத்துல வீட்ல டிவி ஓடுமா?”

“இதோ, இப்பகூட ஓடிக்கினுதானே கீது.”

ஓடியது. அதன் முன்னால் காந்திமதியின் கணவன் டில்லிபாபு மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தான். ஒரு கம்பெனி கேட்டில் நைட் செக்யூரிட்டி. பகலில் டிவி ஓடினால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். நிறுத்தினால் விழித்துக்கொண்டு “எவன் நிறுத்தினது?” என்பான். பார்க்கிறவர் விழித்திருக்கிறாரா என்ற கேள்வி படிவத்தில் இல்லை.

“உண்மையைச் சொல்லிடறேம்மா,” என்றாள் சத்யப்பிரியா. “இந்த ஏரியாவுல எனக்கு நாலு பகல்நேர இல்லத்தரசி வேணும். காலையிலேர்ந்து சுத்தி மூணுதான் கெடச்சுது. மத்தவங்க எல்லாம் கம்பெனிக்குப் போறவங்களா இருக்காங்க. நாலு இல்லாம போனா திட்டுவாங்க.”

“ஒண்ணுதானே கொறையுது? என்னையே எய்திக்கோ. உள்ள வா, மோர் குடிச்சிட்டு எய்து.”

பெண்களெல்லாம் வேலைக்குப் போய்விட்ட ஒரு ஊரில், பெண்களெல்லாம் வீட்டிலிருக்கிறார்கள் என்பது இப்படியாக ஒரு டம்ளர் மோரில் நிரூபணமாயிற்று.

சேனல்காரர்களையும் குறை சொல்ல முடியாது. ஒரு நாள் என்பது அவர்களுக்கு ஆளுக்கொரு துண்டாக நறுக்கிய பூசணிக்காய். பதினொன்றிலிருந்து மூன்று வரை வீட்டுப் பெண்களுக்கு. அந்தக் கதைகள் மெதுவாக நகரும்; நடுவில் எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாலும் மாமியார் அதே முறைப்பில் நின்றுகொண்டிருப்பாள். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகளுக்கு. ஏழிலிருந்து ஒன்பது வரை குடும்பத்துக்கு. பத்துக்கு மேல் பேய்களுக்கும் அவற்றுக்குப் பயப்படாதவர்களுக்கும். எல்லா வீட்டுக் கடிகாரமும் ஒரே மாதிரி சாப்பிட்டு ஒரே மாதிரி தூங்கும் என்று நம்பினால், இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

ஒரகடத்துக் கடிகாரம் வேறு. விடுதியில் எல்லோரும் தொழிற்சாலையில் லைனில் நிற்கிறவர்கள், பாதிப்பேர் தென்மாவட்டத்துப் பெண்கள். ஏ ஷிஃப்ட் காலை ஆறிலிருந்து இரண்டு வரை. பி ஷிஃப்ட் இரண்டிலிருந்து பத்து. சி ஷிஃப்ட் ராத்திரி பூராவும். வாரத்துக்கு வாரம் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு ரூமுக்கு ஆறு கட்டில். எந்த நேரத்தில் கதவைத் திறந்தாலும் உள்ளே யாராவது ஒருத்தி தூங்கிக்கொண்டிருப்பாள். ஆகவே ரூமில் விளக்குப் போடக்கூடாது, பேசக்கூடாது, சிரிக்கவே கூடாது. வாய்விட்டுச் சிரிக்க அனுமதியுள்ள ஒரே இடம் கீழே மெஸ்ஸை ஒட்டிய டிவி ஹால். அதுவும் சாயந்தரம் நாலு மணிக்கு மேல்தான். அதுவரை டிவி சத்தம் கூடாது என்று சுவரில் எழுதியே ஒட்டியிருந்தது.

வேல்விழியும் மாடத்தியும் நாங்குநேரிப் பக்கம் ஒரே தெரு, ஒரே பெஞ்சு. இங்கே ஒரே ரூம்தான், ஆனால் வேறு வேறு ஷிஃப்ட். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஒருத்தி ஏ-யிலும் மற்றவள் சி-யிலும் இருக்கிற வாரத்தில்தான் இருவரும் முழித்திருக்கும்போது முகம் பார்ப்பார்கள். அது அந்த ஹாலில், எட்டு மணிக்கு, ‘பெரிய வீட்டுச் சாவி’ தொடர் ஓடும்போது. ஏ ஷிஃப்ட்காரிகள் சாப்பிட வந்திருப்பார்கள். சி ஷிஃப்ட்காரிகளுக்கு பஸ் வர ஒரு மணி நேரம் இருக்கும். நாற்பது பேர் சேர்ந்து, சாவிக்கொத்தை இடுப்பில் செருகிய ராஜலட்சுமி என்கிற மாமியாரை வைவார்கள். பி ஷிஃப்டில் இருக்கிறவர்களுக்கு ஒரு வாரம் போகும். அதனால் நஷ்டமில்லை. திரும்பி வரும்போதும் சாவி ராஜலட்சுமியின் இடுப்பிலேயே இருக்கும்.

சர்வே நடந்து மூன்று மாதமிருக்கும். ஒருநாள் திரையின் அடியில் எழுத்து ஓடியது: வரும் திங்கள் முதல் பெரிய வீட்டுச் சாவி பகல் ஒன்றரை மணிக்கு.

ஒன்றரைக்கு பி ஷிஃப்ட் பஸ் போய் அரை மணியாகியிருக்கும். ஏ ஷிஃப்ட் பஸ் வர ஒன்றரை மணி நேரம் இருக்கும். சி ஷிஃப்ட் போர்வைக்குள் இருக்கும். இருபத்துநாலு மணி நேரத்தில் விடுதியில் ஒருத்திகூடப் பார்க்க முடியாத நேரம் ஒன்றே ஒன்றுதான். சேனல் அதைக் குறிபார்த்து அடித்திருந்தது.

கரண்டியும் கையுமாக அதைப் படித்தாள் காந்திமதி. “அடிப்பாவி, நான்தான்டி பண்ணேன் இத,” என்றாள்.

“நீங்க என்னக்கா பண்ணீய?” என்றாள் வேல்விழி.

காந்திமதி மோர்க்கதையைச் சொன்னாள்.

“ஒங்க ஒருத்தி பேச்சக் கேட்டா டிவிக்காரன் மாத்துவான்?”

“மூணு பேர் ரெடியா இருந்தாங்கடி. நாலாவது நான்தானே!”

இந்தக் கணக்கை யாராலும் அசைக்க முடியவில்லை.

எட்டு மணிக்கு வந்த புதுத் தொடர், ‘வேலைக்குப் போகும் இளம்பெண்களுக்காக’ என்று விளம்பரத்தோடு வந்தது. வேலைக்குப் போகும் இளம்பெண்கள் நாற்பது பேர் மூன்று நாள் பொறுமையாகப் பார்த்தார்கள். கதாநாயகி கண்ணாடிக் கட்டடத்தில் லேப்டாப்பைத் திறந்தாள். காபி குடித்தாள். மூடினாள்.

“வேலையே பாக்க மாட்டுக்காளே,” என்றாள் வேல்விழி. “இவ எந்த லைன்ல நிக்கா? டார்கெட் கெடயாதா இவளுக்கு?”

“சூப்பர்வைசர் சிரிக்கான் பாருங்களேன்,” என்றாள் இன்னொருத்தி. அதோடு அந்தத் தொடர் விடுதியில் முடிந்தது. எட்டு மணி நேர வேலையைப் பார்த்துவிட்டு வந்தவளுக்கு, இன்னொருத்தி வேலைக்குப் போவதைப் பார்க்கவா ஆசை வரும்? அவளுக்கு வேண்டியது பெரிய வீடும் ஒரு கெட்ட மாமியாரும்.

போன் இருக்கிறதே என்று கேட்கலாம். அன்றன்றைய பகுதியை ஆப்பில் பார்க்க சந்தா கட்ட வேண்டும். கம்பெனியில் போன் லாக்கருக்குள் போய்விடும். இதெல்லாம்கூடப் பெரிதில்லை. தனியாகப் போர்வைக்குள் காதில் ஒயரைச் செருகிக்கொண்டு மாமியாரை எப்படி வைவது? கல்யாணச் சாப்பாட்டைப் பார்சல் வாங்கித் தின்பது போலத்தான்.

இரண்டு வாரத்தில் ஹால் காலியானது. தட்டில் சோற்றை வாங்கிக்கொண்டு நேரே ரூமுக்குப் போய் இருட்டில் சாப்பிட்டார்கள்.

விடுதியைக் கவனித்துக்கொள்கிற மோகன் கெட்டவன் இல்லை. எண்ணத் தெரிந்தவன். ஹாலில் ஒரு கேமரா உண்டு. குன்றத்தூரில் தன் வீட்டிலிருந்தே போனில் அதைப் பார்ப்பான்.

“யக்கா, ஹாலு காலியாவே கீதே? அடுத்த மாசம் கம்பெனில புது லைன் ஓபன் பண்றாங்க. இருவது பொண்ணுங்க வராங்க. இங்க பத்து டபுள் டெக்கர் கட்டில் போட்ரலாம்னு பாக்கறேன்.”

“இன்னா தம்பி, இருக்கறதே ஒரு ஹாலு. பேசறதுக்கு எங்க போவும் இதுங்க?”

“பேசறதுக்கு யாருக்கா வராங்க? தினம் எட்டு மணிக்குப் பாக்கறேன். ஃபேனு மட்டும் சுத்துது. மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன். ஆள் இருந்தா ஹாலு. இல்லேன்னா கட்டிலு. இன்னா நான் சொல்றது?”

சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் காந்திமதிக்குத் தாங்கவில்லை. அநியாயமாக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

மறுநாள் ஒன்றரைக்குச் சாம்பாரை இறக்கி வைத்துவிட்டு, ஹாலில் போய் டிவியைப் போட்டாள். மேலே சி ஷிஃப்ட் தூங்குகிறது. சத்தத்தை அடியோடு நிறுத்தினாள். கையில் கரண்டியோடு நின்றபடியே முழுப் பகுதியையும் ஊமைப்படமாகப் பார்த்தாள்.

எட்டு மணிக்குக் குழம்பு அண்டாவை மெஸ்ஸில் வைக்காமல் ஹாலின் நடுவில் கொண்டுபோய் வைத்தாள். குழம்பு வேண்டுமென்றால் ஹாலுக்கு வந்தாக வேண்டும். வந்தவர்களில் வேல்விழியின் தட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

“எங்கடி ஓடற? ராஜலட்சுமி இன்னிக்கு இன்னா பண்ணா தெரியுமா?”

வேல்விழி நின்றாள். அவளுக்குப் பின்னால் இரண்டு பேர் நின்றார்கள்.

காந்திமதி சொன்ன கதையில் எல்லோரும் சேரப்பணஞ்சேரித் தமிழ் பேசினார்கள். பட்டுப்புடவையும் வைரத்தோடுமாக நிற்கிற ராஜலட்சுமி, “இன்னாடி மொறைக்கிற? கண்ண நோண்டிருவேன்,” என்றாள். லண்டனில் படித்த மகன், “வுடும்மா, அவளாண்ட இன்னா பேச்சு,” என்றான். வசனம் காதில் விழாததால் காந்திமதிக்கு வசனத்துக்குக் குறைவே இல்லை. முதல் நாள் ஏழு பேர். மறுநாள் பதினைந்து. ஞாயிற்றுக்கிழமை தொடரும் கிடையாது, ராத்திரி காந்திமதியும் கிடையாது. அப்படியும் திங்கட்கிழமை ‘நேத்து என்ன ஆச்சு’ என்று கேட்டார்கள்.

அந்த வாரம் புதன்கிழமை ஒரு முக்கியமான கட்டம். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவன் பெரிய வீட்டுக்கு வந்தான். ஒரு தாளைப் பார்த்தான். தலையை மெல்ல ஆட்டினான். ராஜலட்சுமியின் கண்ணில் தாரை தாரையாக நீர். காந்திமதிக்குப் புரிந்துவிட்டது. அன்றிரவு ஹாலில், “மூணு மாசம்தான் தாங்குவாங்கன்னு டாக்டர் சொல்ட்டான்,” என்றாள். இரண்டு வருஷமாக ராஜலட்சுமி சாகவேண்டும் என்று நேர்ந்துகொண்டவர்கள் எல்லாம் தட்டில் சோற்றைப் பிசைந்தபடி அழுதார்கள். செய்தி கம்பெனி லைன் வரை போனது. இருபத்தெட்டுப் பேர் வர ஆரம்பித்தார்கள்.

மாதத்தின் கடைசித் திங்களன்று மாடத்தி பி ஷிஃப்டிலிருந்து ஏ-க்கு மாறி, ஒரு வாரத்துக்குப் பிறகு எட்டு மணிக்கு ஹாலுக்கு வந்தாள். வேல்விழி அவள் கையைப் பிடித்துக்கொண்டு துக்கச் செய்தியைச் சொன்னாள்.

“என்னட்டி சொல்லுத?” என்றாள் மாடத்தி. “எங்கம்மா தெனம் பாக்கா. நேத்தும் பேசுனேன். சாகப்போறான்னு ஒண்ணும் சொல்லலியே?”

காந்திமதி அண்டாவில் கரண்டியைப் போட்டுக் கிளறினாள். கிளற அவசியமே இல்லை.

மாடத்தி அம்மாவைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டு, போனை ஒரு எவர்சில்வர் சொம்புக்குள் நிறுத்தினாள். சொம்பு கணீரென்று பேசியது.

“ஏளா, என்ன இந்நேரத்துல?”

“எம்மா, மெஸ் அக்கா பேசுதாவ. ராஜலட்சுமிக்கு சீக்காம்லா?”

“சீக்கா? அவளுக்கா? கல்லுக்குண்டாட்டம் இருக்கா!” சொம்பு சிரித்தது. அம்மாவின் பெயர் தங்கமாரி. “மைனி, சொகமா இருக்கியளா? எம்மவளுக்குச் சோறு போடுத மவராசி நீங்கதானா?”

அண்ணன் பெண்டாட்டியாகவே முறை வைத்துவிட்டாள். காந்திமதியும் விடவில்லை. “இருக்கேன் அண்ணி. டாக்டரு வந்தானே, நான் கண்ணால பாத்தேனே?”

“டாக்டரா? அவன் சமையல்காரம்லா! ராஜலட்சுமியோட தம்பி மவன். வெளிநாட்டுல பெரிய ஓட்டல்ல வேல பாத்தவன்.”

“சமையல்காரன் எதுக்கு வெள்ளைக் கோட்டு போடறான்? கறை படாது?”

“அது என்ன எழவோ. நான் கோட்டப் பாக்கல. பேசுனதக் கேட்டேன்.”

“அந்தத் தாளு?”

“பந்திக்கு என்னென்ன வைக்கணும்னு எழுதுன தாளு. பாயசம் வேண்டாம்னான், கேட்டேன்.”

“அப்ப அவ எதுக்கு அப்படி அயுதா?”

“வெங்காயம் உரிச்சா மைனி!”

முப்பது வருஷமாக வெங்காயம் உரித்தவள், ஒரு சமையல்காரனையும் ஒரு வெங்காயத்தையும் அடையாளம் தெரியாமல், பந்திச் சாமான் லிஸ்டை வைத்து ஒரு மனுஷிக்குத் தீராத நோயைக் கொடுத்திருந்தாள். முதலில் யாரோ ஒருத்திக்குத்தான் புரையேறியது. பிறகு ஹாலே குலுங்கியது. சி ஷிஃப்டில் பாதிக் கண்ணோடு படுத்திருந்தவர்களும் என்னவென்று பார்க்க இறங்கி வந்தார்கள்.

காந்திமதிக்கு முகம் சுருங்கிவிட்டது. “சத்தம் வெக்கக்கூடாதுடி. உங்கள எழுப்பிரக்கூடாதுன்னுதான் ஊமையா பாத்தேன்,” என்றாள். “நாளைலேர்ந்து சொல்ல மாட்டேன் போ.”

“ஐயோ, அப்படிச் சொல்லாதீய,” என்றது சொம்பு. “நான் மட்டும் என்ன, கண்ணு வச்சா பாக்கேன்? மடில பீடித் தட்டு. எல சுத்துத கைய விட்டுட்டு நிமிந்து பாத்தா அன்னிக்கு ஆயிரம் பீடி தேறாது. காதுல விழுததுதான் எனக்குக் கத. அவ என்ன சேல கட்டிருக்கான்னு ரெண்டு வருசமா எனக்குத் தெரியாது மைனி. இன்னிக்கு என்ன கலரு?”

சேனலின் கணக்கில் தங்கமாரியும் பகல்நேரத்தில் ஓய்வாக அமர்ந்து பார்க்கும் குடும்பப் பெண்தான்.

“மயில்கழுத்து அண்ணி,” என்றாள் காந்திமதி. “பார்டர் ஒரு சாண் கீது.”

“ஆத்தாடி! அதான் அந்த மிதப்பா?”

மறுநாளிலிருந்து இதுவே வழக்கமானது. காந்திமதி கண்ணால் பார்த்ததைச் சொல்வாள். சொம்பு காதால் கேட்டதைச் சொல்லும். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் நாற்பது பேரும் தீர்ப்புச் சொல்வார்கள். பெரும்பாலும் காந்திமதி பக்கமே தீர்ப்பானது. கேட்டது உண்மையாக இருக்கலாம். பார்த்ததில்தான் சுவை இருந்தது. ராஜலட்சுமியின் நோய்கூட முற்றிலும் குணமாகவில்லை. ‘வெளில சொல்லாம வெச்சிகினு கீறா’ என்று காந்திமதி சொல்லிவிட்டாள்.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை எட்டேகாலுக்கு மோகன் கட்டில்காரரைக் கூட்டிக்கொண்டு அளக்கிற டேப்போடு வந்தான். வாசலிலேயே நின்றான். பத்து நாளாகக் கேமராவில் கூட்டம் தெரிந்தது. குழம்பு வாங்க வருகிறார்கள் என்று நினைத்திருந்தான். உள்ளே தரை தெரியவில்லை. டிவி அணைந்து கிடந்தது. அத்தனை பேரும் ஒரு சொம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இன்னாக்கா இது, மீட்டிங்கா? சங்கம் கிங்கம் ஆரம்பிச்சிட்டாங்களா?”

“சீரியல் பாத்துகினு இருக்கோம். உஸ்ஸு.”

“டிவி ஆஃப்ல கீதே!”

“அது எதுக்கு இப்ப?” என்றாள் காந்திமதி.

மோகன் தொழிலை விடவில்லை. டேப்பின் ஒரு முனையைக் கட்டில்காரரிடம் கொடுத்து, “கொஞ்சம் காலை எடுங்கம்மா,” என்றான். ஒருத்தியும் எடுக்கவில்லை. நிரஞ்சனா என்கிற மருமகள் அப்போதுதான் சாவிக்கொத்தின்மேல் கை வைத்திருந்தாள். டேப் எண்பது முழங்காலுக்கு மேலாகக் கொடிக்கயிறு மாதிரி தொங்கியது. அளவு ஒவ்வொரு முறையும் வேறு வேறாக வந்தது.

“அண்ணே, குனிங்க, மறைக்குது,” என்றாள் மாடத்தி.

“எதை மறைக்குது? ஒண்ணுமே ஓடலையே!” என்றபடியே மோகன் குனிந்தான். குனிந்த வாக்கில் எண்ணினான். நாற்பத்தொன்று. சொம்பு, “சாவிய உருவிட்டாளா மைனி?” என்றது. காந்திமதி வேண்டுமென்றே ஒரு வாய் தண்ணீர் குடித்தாள்.

“உருவிட்டாளா இல்லியாக்கா?” என்றான் மோகன்.

கட்டில்காரர் டேப்பைச் சுருட்டிக்கொண்டார்.

வெளியே வந்தபோது மோகன், “டிவியே இல்லாம ஆள் வருவாங்கன்னு நான் எங்க கண்டேன்? ஆள் இருந்தா ஹாலுன்னு வாய விட்டுட்டேன்,” என்று அலுத்துக்கொண்டான். “பேசாம அந்த டிவியையாவது எடுத்துட்டா ரெண்டு கட்டில் போடலாம்.”

“எடுத்துகினு போ. ஒன்றரைக்கு நான் எதைப் பாக்கறது? நாளைக்கு நீ வந்து கத சொல்றியா?”

புதிதாக வந்த இருபது பேருக்கும் மோகன் பக்கத்து மனையில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்தான். அவர்களும் எட்டு மணிக்கு இங்கேதான் வந்து உட்கார்ந்தார்கள்.

ஆவணியிலிருந்து, தை மாதம் அந்தத் தொடர் முடியும்வரை, ஞாயிறும் காய்ச்சலில் படுத்த இரண்டு நாளும் நீங்கலாக, காந்திமதி தினமும் பகல் ஒன்றரைக்குச் சத்தமில்லாத டிவியை நின்றுகொண்டே பார்த்து, ராத்திரி எட்டு மணிக்கு அந்தப் பெண்களுக்குக் கதை சொன்னாள். ஹாலில் கட்டில் போடவில்லை.